பழி ஓரிடம், பாவம் ஓரிடம்: வார்கிராஃப்ட் கதைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டின் கதையையும் குவெஸ்ட்களையும் (ஆட்டக்காரருக்குத் தரப்படும் பணிகளையும்) எழுதும் குழுவினருக்கு,

வணக்கம்.

உங்கள் விளையாட்டின் இரு எதிரித் தரப்புகளான அலையன்ஸும் ஹோர்டும், அது வெளிவந்த 2004 நவம்பரிலிருந்து அடித்துக்கொள்கின்றன. ஏறக்குறைய அதே காலமாக ஒரு வழக்கும் தீராமல் கிடக்கிறது. கதை எப்போதும் ஹோர்ட் பக்கமே சாய்கிறது என்கிறார்கள் அலையன்ஸ்காரர்கள். மறுபடி மறுபடி எங்களை வில்லனாக்கி நிறுத்துவதே வழக்கமாகிவிட்டது என்கிறார்கள் ஹோர்ட்காரர்கள். இரண்டு பக்கமும் குறை சொல்கிறதே, அப்படியானால் தராசு சரியாகத்தான் இருக்கிறது என்று நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு குறையும் உண்மை. அலையன்ஸுக்கு மண் போகிறது, ஹோர்டுக்கு மானம் போகிறது. இரண்டும் ஒரே கோளாறிலிருந்து வருகின்றன. அதைத்தான் இந்த மடலில் பிரித்துக் காட்ட விரும்புகிறோம். இரு தரப்பிலும் பாத்திரம் வைத்து ஆடுகிறவர்கள் நாங்கள். ஒரு பக்கத்துக்காக வாதாடும் எண்ணம் இல்லை.

கோளாறு இதுதான்: குவெஸ்ட்களை எண்ணிச் சமன் செய்கிறீர்கள், வினைச்சொற்களை எண்ணுவதில்லை. ஒரு பகுதியில் ஹோர்டுக்கு நாற்பது குவெஸ்ட் என்றால் அலையன்ஸுக்கும் நாற்பது வைக்கலாம். ஆனால் ஒரு பக்கம் தாக்குகிறது, கைப்பற்றுகிறது, முடிவெடுக்கிறது, காட்டிக்கொடுக்கிறது, கலகம் செய்கிறது. மறுபக்கம் காப்பாற்றுகிறது, பின்வாங்குகிறது, புதைக்கிறது, போய்ச் செய்தி சொல்கிறது. இரண்டும் நாற்பதுதான். ஆனால் கதையை ஓட்டுகிறவர் ஒருவர், ஓடுகிற கதைக்குப் பின்னால் மூச்சிரைக்க வருகிறவர் இன்னொருவர். எல்லாவற்றையும் செய்கிற பக்கமாக ஹோர்டையே தொடர்ந்து வைப்பதால் குற்றமும் அவர்கள் தலையிலேயே விழுகிறது. எதையும் தொடங்கி வைக்காத பக்கமாக அலையன்ஸை வைப்பதால் இழப்பு மட்டுமே அவர்களுக்கு மிஞ்சுகிறது.

2018 ஆகஸ்ட்டில் வந்த பேட்டில் ஃபார் அசரோத் எக்ஸ்பான்ஷன் (விளையாட்டை நீட்டிக்கும் பெரிய புதுப் பகுதி) இதற்குத் தெளிவான சாட்சி. மேலோட்டமாகக் கணக்குப் பார்த்தால் ஆளுக்கு ஒரு தலைநகரம் போனது. அலையன்ஸைச் சேர்ந்த நைட் எல்ஃப்களின் தலைநகர் டார்னாசஸைத் தாங்கிய டெல்ட்ராசில் மரம் எரிந்தது. ஹோர்டைச் சேர்ந்த ஃபோர்சேக்கன்களின் (இறந்து எழுந்தவர்களின்) அண்டர்சிட்டி விஷப்புகையில் மூழ்கியது. ஒன்றுக்கு ஒன்று, சரியாகத்தானே இருக்கிறது? யார் செய்தது என்று ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டுப் பாருங்கள். டெல்ட்ராசிலை எரிக்கச் சொன்னவர் ஹோர்டின் தலைவி சில்வானஸ். அண்டர்சிட்டியை, தன் சொந்த மக்களின் ஊரை, விஷமாக்கியவரும் அதே சில்வானஸ். அலையன்ஸ் படை திரட்டி வந்து மதிலை உடைத்தது, ஆனால் அந்த ஊரின் முடிவு அவர்கள் கையில் இல்லை. இரண்டு நகரங்களின் கதையும் ஒரே பாத்திரத்தின் முடிவால் நடந்தது. போரை வென்றோம் என்று சொல்ல அலையன்ஸுக்கு ஒன்றுமில்லை. நியாயத்துக்காகப் போரிட்டோம் என்று சொல்ல ஹோர்டுக்கும் ஒன்றுமில்லை.

டெல்ட்ராசில் எரியும் குவெஸ்டைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் அதில் உங்கள் திறமையும் தவறும் ஒன்றாக இருக்கின்றன. அலையன்ஸ் ஆட்டக்காரர் தீப்பற்றிய டார்னாசஸுக்குள் இறக்கப்படுகிறார். திரையில் ஒரு கணக்கு: காப்பாற்ற வேண்டிய குடிமக்கள் 982 பேர். நேரம் மூன்று நிமிடம். அப்படியென்றால் விநாடிக்கு ஐந்து பேருக்கு மேல். புகையில் கண் தெரியாமல் ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்து அனுப்பினால் சில பத்துப் பேர் தேறுவார்கள், அவ்வளவுதான். நிறைக்க முடியாத எண்ணைத் திரையில் வைத்து, அந்த எண்ணாலேயே துயரத்தைச் சொன்னது அருமையான உத்தி. வசனமே தேவைப்படவில்லை. விளையாட்டு என்ற கலைக்கு மட்டுமே வாய்த்த வழி அது.

அதே நேரத்தில் ஹோர்ட் ஆட்டக்காரருக்கு என்ன நடந்தது? டெல்ட்ராசிலுக்கு எதிரே இருக்கும் டார்க்ஷோர் கரை வரை படையோடு போய், முன்னணியில் நின்று, கட்டளைப்படி ஒவ்வொரு நிலையாகப் பிடித்துக் கொடுத்தார். கரையில் நின்றபோது கட்சீன் (ஆட்டக்காரர் பார்க்க மட்டும் முடியும் காட்சி) தொடங்கியது. ஒரு வாக்குவாதம், ஒரு கட்டளை, மரம் எரிகிறது. அந்த முடிவில் அவருக்குப் பங்கில்லை, மறுக்க இடமில்லை, மறுத்ததாகக் குறித்துவைக்கவும் வழியில்லை. கட்சீன் முடிந்ததும் அதற்கான பழியெல்லாம் அவருடையது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஹோர்டின் பெருமை என்று 2004இலிருந்து நீங்களே கட்டி வளர்த்த ஓர்க், டாரன் இனங்களின் மரபையெல்லாம் அந்த ஒரு நிமிடம் சேர்த்து எரித்தது.

பிறகு, எதிர்த்து நின்ற ஹோர்ட் தளபதி சவுர்ஃபாங் பக்கமா, சில்வானஸ் பக்கமா என்று ஹோர்டுக்கு ஒரு தேர்வு கொடுத்தீர்கள். அந்த நினைப்பு சரியானது, வந்த நேரம் தவறு. குற்றம் நடந்த பிறகு கேட்கும் கேள்விக்குப் பாதி மதிப்புதான். தவிர, எந்தப் பக்கம் போனாலும் 2019 செப்டம்பரில் வந்த 8.2.5 பேட்ச்சில் (விளையாட்டின் இடைக்காலப் புதுப்பிப்பில்) இருவரும் ஹோர்டின் தலைநகர் ஆர்க்ரிம்மார் வாசலுக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். சவுர்ஃபாங் ஒற்றைச் சண்டையில் விழுந்தார், சில்வானஸ் ஹோர்டையே உதறிவிட்டுப் போனார். விசுவாசமாக நின்றவர்களுக்குச் சில சிறு காட்சிகள் மட்டும் மாறின.

ஹோர்டுக்கு இது இரண்டாம் முறை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முன்னாள் ஹோர்ட் தலைவர் காரோஷின் கதை 2013இல் சீஜ் ஆஃப் ஆர்க்ரிம்மார் ரெய்டில் (பலர் சேர்ந்து பாஸ் எனப்படும் பெரிய எதிரிகளை வீழ்த்தும் ஆட்டத்தில்) முடிந்தது. ஹோர்ட் ஆட்டக்காரர் தன் சொந்தத் தலைநகருக்குள் புகுந்து, சொந்தக் காவலர்களைக் கொன்று, பதினாலாவது பாஸாகத் தன் தலைவனையே வீழ்த்தினார். ஐந்தே ஆண்டில் அதே வளைவு: தலைவர் கெடுகிறார், ஹோர்ட் பிளவுபடுகிறது, கலகக்காரர்களோடு அலையன்ஸ் சேர்கிறது. காரோஷாவது கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டாரா என்றால் அதுவும் இல்லை. 2010இல் வந்த கேட்டக்ளிசம் எக்ஸ்பான்ஷன் காலத்தில் ஸ்டோன்டாலன் மலைப்பகுதியில் ட்ரூயிட் பள்ளியைக் குண்டு வைத்து அழித்த குரோம்கார் என்ற தன் தளபதியை, அப்பாவிகளைக் கொல்வது ஹோர்டின் வழி அல்ல என்று சொல்லி மலையிலிருந்து தூக்கி எறிந்தவர் அவர். அடுத்த எக்ஸ்பான்ஷன் தொடங்கும் முன்னே அலையன்ஸின் தெரமோர் நகரத்தின்மீது மானா குண்டைப் போட்டவரும் அவரே. இடையில் அவர் மனம் மாறிய பாதை விளையாட்டுக்குள் நடந்துபோகக் கிடைக்கவில்லை.

தெரமோரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடல்வழியாகக் காலிம்டோர் கண்டத்துக்கு வந்து குடியேறிய மனிதர்களின் ஊர் அது. சண்டைக்கும் சமாதானத்துக்கும் நடுவில் நின்ற அலையன்ஸ் மந்திரக்காரி ஜைனாவின் நகரம். 2012இல் அது விழுந்ததை மூன்று பேர் ஆடும் ஒரு சிறு சினாரியோவாகத் தந்தீர்கள். ஹோர்ட் குண்டுக்கு முன்னால் போய் நாசவேலை செய்துவிட்டுத் திரும்பியது, அலையன்ஸ் குண்டுக்குப் பின்னால் சாம்பலில் இறங்கியது. முற்றுகையும், ஜைனாவின் மனம் முறிந்த தருணமும் இரண்டு பக்கத்துக்கும் கிடைக்கவில்லை. அவற்றை முழுதாக அறிய விளையாட்டுக்கு வெளியே புத்தகம் வாங்க வேண்டியிருந்தது. அதேபோல் டாரன்களின் முதுபெரும் தலைவர் கெய்ர்னின் சாவும் புத்தகத்தில் நடந்தது. ஆண்டுக்கணக்கில் டாரன்களின் தலைநகர் தண்டர் பிளஃபில் அவரைப் பார்த்துப் பழகியவர்கள் கேட்டக்ளிசத்தில் நுழைந்தபோது அந்த இடத்தில் மகன் பெய்ன் நின்றுகொண்டிருந்தார். நாவல்கள் எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு தரப்பின் ஊரோ தலைவரோ அழியும் நிகழ்ச்சியை வெளியே வைக்காதீர்கள். ஆட்டக்காரர் கையால் தொடாத இழப்பு அவருக்குச் செய்தி மட்டுமே. செய்தி கேட்டுக் கோபப்படுகிறவருக்கு அந்தக் கோபத்தை வைத்துச் செய்ய வேலையும் இருக்காது.

சரியாகச் செய்த இடங்களும் உண்டு. அவற்றை நீங்களே மறந்துவிட்டீர்களோ என்று தோன்றுவதால் நினைவூட்டுகிறோம்.

தெற்கு பாரன்ஸில் ஹோர்டின் கேம்ப் டௌராஜோ. கேட்டக்ளிசத்தில் இதை அழித்தது அலையன்ஸ். ஜெனரல் ஹாதோர்ன் தாக்குதலுக்கு உத்தரவிட்டார். பொதுமக்கள் தப்பட்டும் என்று வளையத்தில் ஓர் இடைவெளியும் விட்டார். அந்த வழியில் ஓடியவர்கள் குவில்போர் என்ற பன்றி மனிதர்களிடம் சிக்கினார்கள். அலையன்ஸ் பக்கம் பார்த்தால் அவர் படுகொலையைத் தவிர்த்த கண்ணியமான வீரர். ஹோர்ட் பக்கம் பார்த்தால் டௌராஜோவின் கசாப்புக்காரர். ஹோர்ட் ஆட்டக்காரர் அதே பகுதியிலேயே அவரைத் தேடிக் கொல்கிறார். செயல், அதற்கான காரணம், விளைவு, பதில் என எல்லாம் ஒரே நிலப்பரப்பில், சில மணி நேரத்துக்குள் முடிகிறது. யாரும் அரக்கன் இல்லை, யாரும் வெறும் பலியாளும் இல்லை. அலையன்ஸுக்கு ஒரு செயலைக் கொடுத்தால் ஹோர்டுக்கு எவ்வளவு நல்ல கதை கிடைக்கிறது பாருங்கள்.

2016இல் லீஜன் எக்ஸ்பான்ஷனின் தொடக்கத்தில் புரோக்கன் ஷோர், அரக்கப் படைக்கு எதிராக இரு தரப்பும் சேர்ந்து இறங்கிய போர். ஒரே போர்க்களம், இரண்டு உயரம். கீழே அலையன்ஸ், மேலே குன்றில் ஹோர்ட் வில்லாளிகள். கீழே இருப்பவர்களுக்குக் கேட்டது கொம்பொலி, தெரிந்தது மேலிருந்து மறையும் படை. துரோகம் என்று நினைத்தார்கள், அவர்கள் மன்னர் வேரியன் அங்கேயே மடிந்தார். மேலே இருந்தவர்களுக்குத் தெரிந்தது வேறு: பின்னாலிருந்து அரக்கர்கள் ஏறி வந்தார்கள், ஹோர்ட் தலைவர் வோல்ஜின் ஈட்டி பட்டு விழுந்தார், பின்வாங்காவிட்டால் படையே மிஞ்சாது. இரு பக்கமும் பொய் சொல்லவில்லை, இரு பக்கமும் தலைவரை இழந்தன. குன்று மறைத்த நூறடி தூரம்தான் பகையாக மாறியது. அந்தப் பகைக்கு ஸ்டார்ம்ஹைமில் உடனே தொடர்ச்சியும் வைத்தீர்கள். ஜென் கிரேமேன் சில்வானஸின் கப்பல்களைத் துரத்திப்போய் அவர் திட்டத்தை உடைத்தார். அலையன்ஸ் தலைவர் ஒருவர் தானாகப் போய் ஒன்றைச் செய்த அபூர்வமான இடம் அது. அதனால்தான் ஸ்டார்ம்ஹைமை இன்றும் பேசுகிறார்கள்.

மூன்றாவது, 2019 ஜனவரியில் வந்த டாசர்அலோர் ரெய்டு. ஒன்பது பாஸ். நடுவில் ஹோர்ட் ஆட்டக்காரர்களை அலையன்ஸ் உருவத்துக்கு மாற்றி, ஹோர்டுடன் சேர்ந்த சாண்டலார் நாட்டின் மன்னர் ராஸ்தகானை வீழ்த்தும் பகுதியை அவர்கள் கையாலேயே ஆட வைத்தீர்கள். அலையன்ஸ் ஆட்டக்காரர்களைக் கடைசி மூன்று பாஸுக்கு ஹோர்ட் உருவத்தில் ஜைனாவுக்கு எதிரே நிறுத்தினீர்கள். எதிரியின் தோலுக்குள் புகுத்தும் இந்த உத்தி அருமை. ஆனால் இரண்டு ஓட்டைகள் இருந்தன. ஒன்று, தட்டு சமமில்லை. ராஸ்தகான் செத்தே போனார். எதிர்ப்பக்கத்தில் அலையன்ஸ் தலைவர்களில் ஒருவரான மெக்கடார்க் தப்பும் கூண்டில் உறைந்து கிடந்தார், ஜைனா விலகிப் போனார். இன்னொன்று இன்னும் ஆழமானது. ராஸ்தகான் யார் என்று அலையன்ஸ்காரருக்குத் தெரியாது. சாண்டலாரின் மூன்று பகுதிகளில் லெவல் ஏறி, மகள் டலாஞ்சியோடு அவர் போட்ட சண்டையையும் பாசத்தையும் பார்த்தவர்கள் ஹோர்ட்காரர்கள் மட்டும். அலையன்ஸுக்கு அவர் இன்னொரு பாஸ். அதேபோல் ஜைனாவும் தாயும் தங்கள் நாடான கூல் டிராஸில் மீண்டும் சேர்ந்த கதை ஹோர்டுக்குத் தெரியாது. யாரைக் கொல்கிறோம் என்று தெரியாமல் கொன்றால் போரின் கனம் இறங்காது. ரெய்டு வாசலில், எதிர்த்தரப்பின் கண்ணால் பார்க்கும் பதினைந்து நிமிட சினாரியோ ஒன்று இருந்திருந்தால் போதும்: அரண்மனையில் தந்தையும் மகளும், துறைமுகத்தில் தாயும் மகளும். அதற்குப் புது இடம் கட்ட வேண்டியதில்லை. இரண்டும் ஏற்கெனவே கட்டிய இடங்கள்.

இனி நாங்கள் கேட்பது என்ன, எப்படிச் செய்யலாம் என்பது.

முதலில் ஒரு பேரேடு. எக்ஸ்பான்ஷனுக்கு ஒன்று அல்ல, 2004இலிருந்து இன்றுவரை தொடரும் ஒரே பேரேடு. ஒவ்வொரு பெரிய நிகழ்ச்சிக்கும் ஒரு வரி. என்ன போனது, யார் முடிவு செய்தது, ஆட்டக்காரர் அதை ஆடினாரா, கட்சீனில் பார்த்தாரா, வெளியே படித்தாரா, இரு தரப்பும் பார்த்தனவா, நிலம் நிரந்தரமாக மாறியதா, பதில் எப்போது எங்கே வந்தது என்று கட்டங்கள் போடுங்கள். இவற்றில் மிக முக்கியமானவை இரண்டு: யார் முடிவு செய்தது, பதில் எப்போது வந்தது. ஒரு எக்ஸ்பான்ஷனின் வரிகளை மட்டும் எடுத்து யார் முடிவு செய்தது என்ற கட்டத்தை மேலிருந்து கீழே படியுங்கள். ஒரே தரப்பின் பெயர் தொடர்ந்து மூன்று முறை வந்தால் அங்கே நிறுத்தி, நான்காவதை மறுபக்கத்துக்குக் கொடுங்கள்.

இழப்புகளை எடை போடும்போது எல்லாவற்றையும் ஒரே அளவாக வைக்காதீர்கள். ஆட்டக்காரர் லெவல் 1இல் கண் விழித்த ஊர் போவதும், லெவல் 30இல் ஒருமுறை கடந்துபோன காவல்சாவடி போவதும் ஒன்றல்ல. தொடக்க ஊருக்கு ஐந்து, தலைநகருக்கு ஐந்து, பெயர் தெரிந்த தலைவருக்கு நான்கு, குவெஸ்ட் தரும் சிற்றூருக்கு இரண்டு, சாவடிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். எண்கள் உங்கள் விருப்பம். தலைவர் தன் கையாலேயே தன் தரப்பின் பெயரைக் கெடுத்தால் அதற்கும் எடை உண்டு என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். நான்குக்குக் குறையாமல் போடுங்கள். ஹோர்டின் இழப்பு உங்கள் கணக்கில் ஏறாமல் போனது, அந்த வரியே இல்லாததால்தான்.

பதில் வரும் காலத்துக்கு ஒரு கெடு வையுங்கள். ஒரு தரப்புக்கு விழுந்த அடிக்கு அதே எக்ஸ்பான்ஷனுக்குள், இரண்டு பெரிய பேட்ச்சுக்குள் பதில் வரவேண்டும். அடி எந்த வடிவில் விழுந்ததோ அதே வடிவில் வரவேண்டும். ஆடி இழந்ததற்கு ஆடித்தான் பதில், மிஷன் மேசையிலிருந்து துணைவர்களை அனுப்பிவைக்கும் வேலையோ நாவலோ போதாது. அலையன்ஸ் பக்கத்து ஓநாய் மனிதர்களான வோர்கன்களின் ஊர் கில்னியாஸைப் பாருங்கள். 2010 டிசம்பரில் வோர்கன்களின் தொடக்கப் பகுதி ஊரை விட்டு ஓடுவதோடு முடிந்தது. அதன் தொடர்ச்சி அடுத்திருக்கும் சில்வர்பைன் காட்டில் நடந்தது, ஆனால் அங்கே குவெஸ்ட்கள் ஹோர்டுக்கு மட்டும். தொடக்கப் பகுதியில் வோர்கன் ஆட்டக்காரர் சிறையிலிருந்து மீட்டு, தோளோடு தோள் நின்ற டேரியஸ் கிரௌலி, தன் மகளைக் காப்பாற்ற சில்வானஸிடம் சரணடையும் காட்சி இருக்கிறதே, அதை அவர் பார்க்கவே முடியாது. எதிரி மட்டும் பார்ப்பார். கில்னியாஸ் மீண்டு வந்தது 2024 ஜனவரியில். பதிமூன்று ஆண்டு. அப்போதும் எதிரே நின்றது ஸ்கார்லெட் குருசேட் என்ற மூன்றாவது கூட்டம், ஊரைப் பறித்த ஃபோர்சேக்கன்கள் அல்ல. பறித்தவர் ஒருவர், திருப்பிக் கொடுத்தவர் இன்னொருவர் என்றால் கணக்கு தீராது.

சுழற்சியாக வரும் பதிலும் பதிலாகாது. டெல்ட்ராசிலுக்குப் பிறகு 8.1 பேட்ச்சில் டார்க்ஷோர் வார்ஃபிரண்ட் (இரு தரப்பும் மாறிமாறிப் பிடிக்கும் போர்க்களம்) வந்தது. நைட் எல்ஃப் தலைவி டைராண்டே நிலவின் கோபத்தைத் தன்மேல் ஏற்றுக்கொண்ட குவெஸ்ட் நன்றாக இருந்தது. ஆனால் அதன்பின் களம் ஒருமுறை இவர்கள் கையில், அடுத்த முறை அவர்கள் கையில் என்று மாறிமாறிச் சுற்றியது. வார்ஃபிரண்ட் அமைப்புக்கு அந்தச் சுழற்சி தேவை, எங்களுக்குப் புரிகிறது. அப்படியென்றால் கதையின் முடிவைச் சுழலும் களத்தில் வைக்காதீர்கள். சுழற்சியை ஆராத்தி போன்ற பழைய தகராறு நிலத்தில் ஓடவிட்டு, பழிவாங்கலை ஒருமுறை மட்டும் நடக்கும் குவெஸ்டில் முடியுங்கள்.

எழுதும் முறையிலும் ஒரு மாற்றம் வேண்டும். தரப்புக்கு ஒரு குழுவாகப் பிரிந்து எழுதும் முன், நிகழ்ச்சியை ஒரே ஒருமுறை, பெயர் சாராமல், பத்து வரியில் எழுதுங்கள். யார் எங்கே நின்றார், எந்த நிமிடத்தில் எது தெரியும், எது தெரியாது. பிறகு ஒவ்வொரு தரப்புக்கும் எந்த வரிகளை மறைக்கலாம் என்று முடிவு செய்யுங்கள். புரோக்கன் ஷோர் பலித்தது இதனால். இரண்டு பார்வையும் ஒரே உண்மையிலிருந்து வெட்டியவை. கேட்டக்ளிசத்தின் ஆண்டோர்ஹால் ஊர்ப் போர் பலிக்காமல் போனதும் இதனால்தான். அலையன்ஸ் ஆட்டக்காரர் அந்த ஊருக்காகக் கடைசிவரை போராடிவிட்டு, வெற்றியின் வாசலில் ஊரை இழந்து வெளியேற வேண்டியிருந்தது. ஃபோர்சேக்கன் கடைசி நேரத்தில் வால்கிர்களை (இறந்தவரை எழுப்பும் சிறகுள்ள ஆவிகளை) இறக்கி வென்றார்கள். தோல்வி எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. தோற்ற பக்கத்துக்கும் அந்தத் தோல்வியில் ஒரு முடிவு எடுக்கும் இடம் வேண்டும்: எதைக் காப்பது, எதை விடுவது, யாரை முதலில் வெளியேற்றுவது. எதிரெதிர் தரப்பில் நின்ற டெத் நைட்கள் தஸாரியன், கோல்டிரா இருவரின் பழைய நட்பும் அங்கே அறுந்தது. கோல்டிராவை அண்டர்சிட்டிக்கு இழுத்துச் சென்றார்கள். அதற்கான பதில் 2016இல் லீஜனில் வந்தது, நல்ல பதில்தான், ஆனால் டெத் நைட் வகைப் பாத்திரம் ஆடுகிறவர்களுக்கு மட்டும். பதில் எத்தனை பேர் கண்ணில் படும் என்பதற்கும் பேரேட்டில் ஒரு கட்டம் வேண்டும்.

பிறகு வினைச்சொல் சோதனை. குவெஸ்ட் வரைவு முடிந்ததும் வசனம், பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஆட்டக்காரர் செய்யும் செயலை மட்டும் ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதுங்கள். கொளுத்து, பிடி, கொல், கைப்பற்று, திட்டமிடு என்பவை ஒரு பத்தியிலும், தூக்கு, ஓடு, ஆற்று, தேடு, சொல் என்பவை மறு பத்தியிலும் திரண்டால் வரைவைத் திருப்பி அனுப்புங்கள். இதைச் செய்ய அரை மணி நேரம் போதும். முகங்களும் குரல்களும் பதிவான பிறகு இதே குறையைக் கண்டுபிடித்தால் மாதங்கள் ஆகும். சோதித்துப் பார்க்க, ஒரு தரப்பை மட்டுமே ஆடி வளர்ந்தவர்களை உட்கார வையுங்கள். இரண்டையும் அறிந்த உங்கள் ஊழியருக்கு மறைக்கப்பட்ட வரிகள் தெரியும், அதனால் எங்கே ஓட்டை என்று அவர் கண்ணில் படாது.

தலைவர் பெரும்பாவம் செய்யும் இடங்களில், ஆட்டக்காரருக்கு நிகழ்ச்சியை மாற்றும் அதிகாரம் கேட்கவில்லை. கோடிக்கணக்கான வரிகளில் கிளை பிரிக்க முடியாது என்று தெரியும். நடக்கும் முன்னே ஒரு எதிர்ப்பைப் பதிவுசெய்ய இடம் கொடுங்கள். ஆயுதத்தைக் கீழே வைக்கலாம், கொள்ளியை ஏந்த மறுக்கலாம், காயம்பட்ட எதிரிக்குத் தண்ணீர் தரலாம். நகரம் எப்படியும் எரியும். ஆனால் பின்னால் என்பிசி (விளையாட்டே இயக்கும் பாத்திரம்) ஒருவர் அவரைப் பார்க்கும்போது இரண்டு விதமான வரியில் ஒன்றைச் சொல்வார். பாத்திரத்தின்மேல் ஒரு சிறு அடையாளக் குறி, அதைச் சோதிக்கும் பத்துப் பதினைந்து வசனங்கள், செலவு அவ்வளவுதான். ஹோர்ட் ஆட்டக்காரருக்கு அந்த ஒரு வரியால் அவர் பாத்திரம் அவருக்குத் திரும்பக் கிடைக்கும்.

நிலம் மாறுவதைப் பற்றி: 2008இல் ராத் ஆஃப் தி லிச் கிங்கில் ஃபேஸிங் வந்தபிறகு ஒரே இடத்தில் இருவர் வேறு வேறு காலத்தைப் பார்க்க முடிகிறது. பலன் பெரிது, கூடவே வந்த தொல்லை, நண்பர்கள் பக்கத்தில் நின்றும் ஒருவரையொருவர் பார்க்க முடியாமல் போவது. பழைய காலத்துக்கு அனுப்பும் சிடோர்மி என்ற பாத்திரத்தை டார்க்ஷோர், டிரிஸ்ஃபால் போன்ற இடங்களில் நிறுத்தியது நல்ல தீர்வு. ஊர் ஒன்று அழியும் ஒவ்வொரு முறையும் அவரை முதல் நாளிலிருந்தே நிறுத்துங்கள். லிச் கிங் காலத்தில் ராத்கேட் வாசல் போருக்குப் பிறகு வந்த அண்டர்சிட்டிப் போர் அடுத்த எக்ஸ்பான்ஷனோடு காணாமலே போனது. இரு தரப்பும் ஒரே ஊருக்குள் வெவ்வேறு காரணத்தோடு நுழைந்த மிகச் சிறந்த குவெஸ்ட்களில் ஒன்று அது. பகையின் வேர் எங்கே என்று புதிதாக வருகிறவர் இன்று எங்கே போய்ப் பார்ப்பார்?

ஆள் எண்ணிக்கையைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. வார் மோடில் (எதிர்த்தரப்பு ஆட்டக்காரரோடு மோத விரும்புவோர் போட்டுக்கொள்ளும் நிலையில்) ஆள் குறைந்த பக்கத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் முப்பது வரை கூடுதல் பலன் கொடுத்துச் சரிசெய்தீர்கள். 2022 மே மாதம் 9.2.5இல் எதிர்த்தரப்பு நண்பரோடு ரெய்டு போக வழி திறந்தீர்கள், 2023இல் 10.1 வந்ததும் கில்டுகளும் (ஆட்டக்காரர் சங்கங்களும்) கலந்தன. எல்லாம் வரவேற்கத்தக்கவை. எண்ணிக்கை நோய்க்கு எண்ணிக்கை மருந்து இருக்கிறது. கதையில் விழுந்த ஓரவஞ்சனைக்கு அந்த மருந்து வேலை செய்யாது. கலந்து ஆட முடிகிறது என்பதால் தரப்புக் கதை இனித் தேவையில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கூடி ஆடுகிறவர்களுக்குத்தான் எதிர்ப்பக்கத்தின் கதை இப்போது இன்னும் நெருக்கமாகத் தெரிய வேண்டும்.

கடைசியாக ஒரு பழக்கத்தை விடச்சொல்லிக் கேட்கிறோம். போர் முற்றும் வேளையில் பொது எதிரியை இறக்குவது. பேட்டில் ஃபார் அசரோத் முழுவதும் அலையன்ஸ், ஹோர்ட் போர் என்றுதான் விற்கப்பட்டது. 2020 ஜனவரியில் வந்த கடைசி ரெய்டில் எதிரே நின்றது நிசோத். நடுவே ஒரு போர்நிறுத்தம் ஆனது. ஆனால் இரு தரப்பும் மோதும் அஷென்வேல் காட்டுக்குப் போய்ப் பாருங்கள்: அதே மரவெட்டி முகாம்கள், அதே சண்டை, 2010இல் இருந்தபடி. போர்நிறுத்தம் என்றால் எல்லை எங்கே, யார் எதிலிருந்து வெளியேறினார், கைதிகள் எங்கே, எரிந்த டெல்ட்ராசில் மரத்துக்கு ஈடு என்ன? இந்த நான்கு கேள்விகளுக்கும் காலால் நடந்து பார்க்கும்படி விடை வேண்டும். மூன்று மணி நேரத்தில் ஆடி முடிக்கும் ஒரு குவெஸ்ட் தொடர் போதும். இரு தரப்பின் தூதர்களோடும் நில அளவைக்குப் போகட்டும் ஆட்டக்காரர். ஒரு முகாமை ஹோர்ட் தன் கையால் பிரித்து ஏற்றட்டும். ஒரு கோட்டையை அலையன்ஸ் தன் முடிவால் விட்டுக்கொடுக்கட்டும், அல்லது கொடுக்க மறுக்கட்டும். மறுப்பதும் ஒரு செயல்தானே.

பேரேட்டை நீங்கள் தொடங்கும்போது எங்கே கை வைப்பது என்று கேட்டால், பதில் கட்டம் காலியாகக் கிடக்கும் வரிகளிலிருந்து தொடங்கலாம். ஹில்ஸ்பிராட்டில் சவுத்ஷோர், 2010, விஷத்தில் அழிந்த அலையன்ஸ் ஊர், இன்றும் பாழ். எதிரே ஹோர்டின் டாரன் மில் ஊர் அப்படியே இருக்கிறது. ஸ்டோன்டாலனில் குண்டு விழுந்த பள்ளி, 2010, குற்றவாளியைத் தண்டித்தது ஹோர்ட் தலைவர், அதை அலையன்ஸ் ஆட்டக்காரர் பார்த்ததில்லை. தெரமோர், 2012, இடிபாடும் குழியும். டெல்ட்ராசிலின் கட்டை, 2018. கடலிலிருந்து பார்த்தால் இன்றும் தெரிகிறது.

அன்புடன்,
இரு தரப்பிலும் ஆடுவோர்